இன்ஜின் சென்சார் பழுது: அறிகுறியிலிருந்து தொடங்கிக் கண்டுபிடித்து மாற்றும் முறை

மேட்டுப்பாளையத்தில் பட்டறை நடத்துவதால், குன்னூருக்கு ஏறும் வழியில் நின்றுபோன கார்கள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. அவற்றில் பல, வேறோர் இடத்தில் ஏதோ ஒரு சென்சாரை மாற்றிப் பணம் செலவழித்த பிறகும் அதே பழுதோடு வருபவை. ஸ்கேனர் காட்டிய எண்ணைப் பார்த்தவுடன் அந்தப் பெயருள்ள சென்சாரை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது சென்சாரின் பெயரை அன்று. அந்தச் சென்சாரும் அதன் கப்ளரும் (ஒயரைச் சென்சாரில் மாட்டும் பிளக்) ஒயரும் எர்த்தும் சேர்ந்த சுற்றில் எங்கோ ஒரு குறை இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும், செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணம் வரை வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்டாமல் போனால் பெரும்பாலும் கடைக்குப் போகும் முன்பே விடை கிடைத்துவிடும்.

இங்கே சொல்பவை பெட்ரோல் கார்களுக்கு உரியவை. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 4 (புகை மாசு விதி) கார்களிலும், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே பழுது எண்களைப் படிக்க உதவும், பதினாறு முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும்.

தொடங்கும் முன்

ஒரு மல்டிமீட்டர், போனுடன் இணையும் சிறிய ஓபிடி ரீடர், 10 மில்லிமீட்டர் சாக்கெட், டார்ச், எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஆகியவை போதும். ரீடரில் பழுது எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், இன்ஜின் ஓடும்போது மாறிக்கொண்டிருக்கும் அளவுகளைக் காட்டும் பக்கத்தையும் திறக்கத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே வரும் சோதனைகளில் பாதி அந்தப் பக்கத்தில்தான் நடக்கின்றன. எண்களை அழிக்கும் முன் அவற்றையும், பழுது பதிவானபோது இருந்த வேகம், வெப்பநிலை ஆகியவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அந்தத் தடயம் திரும்பக் கிடைக்காது.

கப்ளரைக் கழற்றுவதும் மாட்டுவதும் சாவியை அணைத்த பிறகே நடக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற உறையில் வரும் ஒயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றின் அருகே கை வைக்கவே வேண்டாம்.

அறிகுறி 1: சூடானதும் இன்ஜின் நின்றுவிடுகிறது, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது

குன்னூர் ஏற்றத்தில் பர்லியாரைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜின் திடீரென்று அணைந்துவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றும்; ஆனால் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும். என்னிடம் வரும் பழுதுகளில் ஆளை அதிகம் குழப்புவது இதுதான், ஏனென்றால் வண்டி பட்டறைக்கு வந்து சேரும்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைகளோடு மலைப்பாதையில் ஒரு வளைவில் நிற்க நேர்ந்தவர்களைப் பார்த்திருப்பதால், இதை மட்டும் நான் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒருபோதும் அனுப்புவதில்லை.

முதல் சோதனையை வண்டி நின்ற இடத்திலேயே செய்துவிட வேண்டும். ஆறவிட்டால் வாய்ப்புப் போய்விடும். ரீடரை மாட்டி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, ஆர்பிஎம் அளவை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) பாருங்கள். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

1-அ: செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் 150 முதல் 300 வரை ஏதேனும் காட்டுகிறது

இன்ஜின் தண்டின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார் அப்போது வேலை செய்கிறது, அதை மாற்றாதீர்கள். சாவியை ஆன் செய்ததும் பின் இருக்கைப் பக்கம் ஓரிரு வினாடிகள் பெட்ரோல் பம்ப்பின் ரீங்காரம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்கவில்லை என்றால் பம்ப்பின் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். அதே அளவுள்ள வேறொரு ரிலேயை, எடுத்துக்காட்டாக ஹார்னுடையதை, எண் பொருந்தினால் மட்டும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. ரீங்காரம் கேட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் அழுத்தத்தையும் இக்னிஷன் காயிலையும் அளக்க வேண்டியிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை.

1-ஆ: செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் பூஜ்யமாகவே நிற்கிறது

கிராங்க் சென்சாரின் சுற்றில் குறை இருக்கிறது. பி 0335 என்ற எண்ணும் பதிவாகியிருக்கலாம், பதிவாகாமலும் இருக்கலாம். எண் இல்லை என்பதற்காகச் சென்சாரை விட்டுவிட வேண்டாம்.

முதலில் கப்ளர். சென்சார் பெரும்பாலும் கிராங்க் புல்லியின் அருகிலோ, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலோ இருக்கும். கப்ளரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலோ, ஆயில் ஊறியிருந்தாலோ, ஏதேனும் ஒரு முனை மற்றதைவிட உள்ளே தள்ளிப் போயிருந்தாலோ பழுது அங்கேயே இருக்கக்கூடும். கிளீனர் அடித்து, உலரவிட்டு, ‘க்ளிக்’ என்ற சத்தம் கேட்கும்வரை மாட்டுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாளோ, பெருமழையில் ஓட்டிய மறுநாளோ இந்தப் பழுது தொடங்கியிருந்தால் கப்ளரில் புகுந்த நீரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அடுத்தது ஒயர். கப்ளரிலிருந்து இன்ஜின் ஒயரிங்கில் சேரும் இடம் வரை ஒயரின் வழியைக் கண்ணாலும் விரலாலும் தொடர்ந்து போங்கள். எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டு உருகிய இடம், பிராக்கெட்டில் உரசிச் செம்பு தெரியும் இடம், எலி கடித்த இடம் ஆகிய மூன்றும் நான் திரும்பத் திரும்பக் காண்பவை.

அதன் பிறகே சென்சார். கப்ளரில் இரண்டு முனைகள் இருந்தால் அது காயில் வகை. சென்சாரின் இரு முனைகளுக்கு இடையே மின்தடையை அளக்கலாம். கார்களுக்கு ஏற்ப இது மாறினாலும் பெரும்பாலும் 200 முதல் 1,500 ஓம் வரைக்குள் இருக்கும். குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து, சூட்டில் மீட்டர் ‘ஓப்பன்’ என்று காட்டினால் உள்ளே காயில் விட்டுப்போகிறது என்று பொருள். வண்டி ஆறிவிட்டது என்றால், சென்சாரைக் கழற்றி, மீட்டர் இணைந்த நிலையிலேயே தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரால் சில நிமிடங்கள் சூடாக்கிப் பாருங்கள். மலையில் நடந்ததை மேசையின்மேல் பார்த்துவிடலாம்.

மூன்று முனைகள் இருந்தால் அது பெரும்பாலும் ஹால் வகை. அதில் மின்தடையை அளக்கக் கூடாது, அளவும் பொருள்படாது. சாவியை ஆன் செய்து, ஒயரிங் பக்கக் கப்ளரில் ஒரு முனையில் 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, இன்னொன்றில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தும், சூட்டில் ஆர்பிஎம் வரவில்லை என்றால் சென்சாரை மாற்றலாம். இரண்டில் ஒன்று இல்லை என்றால் புதிய சென்சாரும் வேலை செய்யாது; அறிகுறி 5-க்குப் போங்கள்.

பி 0016 என்ற எண் வந்திருந்தால் இந்த வழியில் தொடர வேண்டாம். கிராங்க் தண்டின் சுழற்சியும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் சுழற்சியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது அதன் பொருள். டைமிங் செயின் நீண்டிருக்கலாம் அல்லது பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். இன்ஜினை மீண்டும் மீண்டும் சுற்றாமல் வண்டியை ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி 2: காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், பெட்ரோல் வாடை, ரேடியேட்டர் ஃபேன் எப்போதும் ஓடுகிறது

கூலன்ட் வெப்பநிலைச் சென்சாரின் சுற்று விட்டுப்போனால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அதைக் காக்கும் பொருட்டு ஃபேனை ஓடவிடும்; சாவி போட்டதும் குளிர்ந்த இன்ஜினிலேயே ஃபேன் சுற்றுவது இதன் நல்ல அடையாளம். டேஷ்போர்டு முள் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. சில பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சாரும் கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சாரும் இருப்பதால், முள்ளை வைத்து முடிவு செய்ய முடியாது.

கூலன்ட் அளவை முதலில் பாருங்கள். குறைந்திருந்தால் சென்சாரின் முனை நீரில் மூழ்காமல் காற்றில் நின்று தவறான அளவைத் தரும். அதற்குக் காரணம் கசிவு. அதைச் சரிசெய்யாமல் சென்சாரை மாற்றுவது வீண்.

அளவு சரி என்றால், இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் ரீடரில் ஒப்பிடுங்கள். இரண்டும் அந்த நேரத்து வெளி வெப்பநிலையை ஒட்டி, தமக்குள் நான்கைந்து டிகிரிக்கு மேல் வேறுபடாமல் இருக்க வேண்டும். வெளியே 24 டிகிரி இருக்கும்போது கூலன்ட் மட்டும் 60 என்றோ 0 என்றோ காட்டினால் அந்தச் சுற்றில்தான் குறை.

சென்சாரா, ஒயரா என்று பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாமல் சென்சார் வாங்கும் நிலை வராது. சாவியை அணைத்துக் கப்ளரைக் கழற்றி, மீண்டும் ஆன் செய்து ரீடரைப் பாருங்கள்: அளவு மைனஸ் 40 டிகிரிக்கு இறங்க வேண்டும். பிறகு ஒயரிங் பக்கக் கப்ளரின் இரு முனைகளையும் ஒரு சிறு ஒயர்த் துண்டால் இணையுங்கள்: அளவு 120 டிகிரிக்கு மேல் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் கம்ப்யூட்டரும் நலம், சென்சார்தான் பழுது. நடக்கவில்லை என்றால் ஒயரைத் தேடுங்கள். இது இரண்டு முனைச் சென்சாருக்கு மட்டுமே உரிய சோதனை. சில கார்களில் பழுது பதிவானதும் கம்ப்யூட்டர் உண்மையான அளவை மறைத்து, 80 டிகிரி போன்ற ஓர் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். அப்படி அளவு அசையாமல் நின்றால் ரீடரை நம்பாமல் சென்சாரின் மின்தடையை நேரடியாக அளக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் சென்சார்களில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓமும், 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓமும் இருக்கும். கழற்றிய சென்சாரின் முனையை வெந்நீரில் வைத்தால் எண் இறங்குவதைப் பார்க்கலாம்; இறங்காமல் நின்றாலோ, இடையில் துள்ளினாலோ மாற்றிவிடுங்கள்.

பி 0128 வந்திருந்தால் சென்சாரைவிட, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருப்பதற்கே அதிக வாய்ப்பு.

வண்டி உண்மையாகவே கொதித்து, முள் சிவப்புக்குப் போனால் அதைச் சென்சார் பழுது என்று எண்ணி ஓட்ட வேண்டாம். நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள்.

அறிகுறி 3: ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, சிக்னலில் அணைகிறது, பிக்கப் இல்லை

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர்க் குழாயின் கிளாம்ப் சரியாக முறுக்கப்படாமல் இருப்பது, சர்வீஸ் முடிந்து வந்த வண்டிகளில் அடிக்கடி காணும் காரணம். அடுத்து, சிறு வாக்குவம் குழாய்களில் வெடிப்பு. அதன் பின், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி. இவை மூன்றையும் பார்த்த பிறகே சென்சார் பக்கம் திரும்புங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தட்டை விரலால் தள்ளக் கூடாது. பற்சக்கரமும் கெடும், விரலும் மாட்டும். சில கார்களில் சுத்தம் செய்தபின் ஸ்கேனரால் ஐடில் அளவைக் கம்ப்யூட்டருக்கு மீண்டும் பழக்க வேண்டும்.

இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சோதிப்பது எளிது. சாவி ஆன், இன்ஜின் ஆஃப் என்ற நிலையில் அது காட்டும் அழுத்தம் அந்த ஊரின் காற்றழுத்தமாக இருக்க வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும், எங்கள் ஊரில் 97 அளவிலும், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 77 அளவிலும் இருக்கும். ஊட்டியில் 77 பார்த்துவிட்டுச் சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றிய வண்டி ஒன்றை நான் கண்டிருக்கிறேன். அது சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மலையில் ஓரளவு இழுப்புக் குறைவதும் இயல்பே. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது இந்த அளவு 25 முதல் 45-க்குள் இறங்க வேண்டும். இறங்காமல் 60, 70 என்று நின்றால் காற்றுக் கசிவையோ வால்வு டைமிங்கையோ பாருங்கள். உடனே சென்சாரை வாங்க வேண்டாம். சாவி ஆனில் இருக்கும் அளவுக்கும் ஐடில் அளவுக்கும் வேறுபாடே இல்லை என்றால், குழாயோ சென்சாரின் துளையோ அடைத்திருக்கிறது, அல்லது சென்சார் செத்துவிட்டது.

மேப்புக்குப் பதில் காற்றோட்டத்தை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள கார்களில், அதன் மெல்லிய கம்பியை விரலாலோ துணியாலோ தொடக் கூடாது. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, முழுவதும் உலர்ந்த பின் மாட்டுங்கள். எண்ணெய் பூசிய ஃபில்டர் போட்ட வண்டிகளில் இந்தச் சுத்தம் ஒன்றே பல முறை போதுமானதாக இருந்திருக்கிறது.

அறிகுறி 4: மைலேஜ் குறைந்தது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, வேறு குறை இல்லை

டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஏதேனும் சக்கரத்தில் பிரேக் பிடித்தபடி இருக்கிறதா என்பவற்றை முதலில் பாருங்கள். பிறகு, எக்சாஸ்ட் புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார். இன்ஜின் நன்றாகச் சூடானதும் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து, முன் சென்சாரின் அளவைப் பாருங்கள். பழைய வகையில் அது 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். 0.45-இல் அசையாமல் நின்றால் ஹீட்டரின் ஃபியூஸையும் கப்ளரையும் பார்த்துவிட்டுச் சென்சாரை மாற்றலாம். புதிய கார்களின் அகல அளவுச் சென்சாருக்கு இந்த வோல்ட் கணக்குப் பொருந்தாது.

பி 0171, பி 0172 ஆகிய எண்கள் பெட்ரோல், காற்றுக் கலவை கெட்டிருப்பதைச் சொல்பவை. அந்தச் செய்தியைக் கொண்டுவரும் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. பி 0420 வந்தால் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் கேள்வி எழுகிறது. அது விலை மிகுந்த உறுப்பு என்பதால் எக்சாஸ்ட் கசிவு இல்லை என்று உறுதிசெய்யாமல் யார் சொன்னாலும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இன்ஜின் கடுமையாக மிஸ் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். ஓட்டுவதை நிறுத்தி வண்டியை ஏற்றிச் செல்லுங்கள்.

அறிகுறி 5: ஒரே நேரத்தில் நான்கைந்து சென்சார்களின் எண்கள்

நான்கு சென்சார்கள் ஒரே நாளில் கெடுவதில்லை. பொதுவான ஒன்றுதான் கெட்டிருக்கிறது. பேட்டரி முனைகள் தளர்ந்திருக்கிறதா, இன்ஜின் அணைந்த நிலையில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்ற வரிசையில் தொடங்குங்கள்.

அடுத்தது எலி. வீட்டு வாசலில் நெல் மூட்டையோ மாட்டுத் தீவனமோ இருக்கும் இடங்களில் நிறுத்தும் வண்டிகளுக்கு இது ஆண்டு முழுவதும் வரும் தொல்லை. பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். புழுக்கைகளும் தேங்காய் நாரும் துணிக் கிழிசலும் கிடந்தால் அருகிலுள்ள ஒயர்க் கொத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். கடித்த ஒயரை முறுக்கி டேப் ஒட்டுவது சென்சார் சுற்றுகளுக்கு உதவாது. ஈயப் பற்று வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும்.

இவை சரி என்றால் 5 வோல்ட் சோதனை. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் வரியைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும். ஒரு சென்சாரின் கப்ளரில் மீட்டரை வைத்து, அங்கே 5 வோல்ட்டுக்குப் பதில் ஒன்றோ பூஜ்யமோ இருந்தால், மற்ற சென்சார்களின் கப்ளர்களை, ஒவ்வொரு முறையும் சாவியை அணைத்துக் கழற்றி மீண்டும் ஆன் செய்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. ஏர்கண்டிஷனரின் அழுத்தச் சென்சாரை மறந்துவிடாதீர்கள்; சில கார்களில் அதுவும் அதே வரியில் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் வரவில்லை என்றால் ஒயரிங்கிலோ கம்ப்யூட்டரிலோ பழுது. இங்கே நிறுத்திவிட்டு, ஒயரிங் வரைபடம் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

அறிகுறி 6: சிவப்பு ஆயில் விளக்கு

‘சென்சார்தான் போயிருக்கும்’ என்று எண்ணி ஓட்டி இன்ஜினை உள்ளே இறுகிப் போகவைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். இன்ஜினை அணைத்து, சமதரையில் டிப் ஸ்டிக்கால் அளவைப் பாருங்கள். ஆயில் இருந்தும் விளக்கு எரிந்தால், ஒரு மெக்கானிக் அழுத்தமானியை மாட்டி அளந்து சொல்லும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

மாற்றும் முறை

கிராங்க் சென்சாரை எடுத்துக்கொள்கிறேன்; ஒற்றைப் போல்ட்டில் நிற்கும் மற்றவற்றுக்கும், கேம் சென்சார் உட்பட, இதே முறைதான். கடையில் காரின் பெயரைச் சொல்லி வாங்காமல், பழைய சென்சாரின்மேல் அச்சிட்ட எண்ணைக் காட்டி வாங்குங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு சென்சார் மாறுவது உண்டு. மலிவான போலிகள் சூட்டில் சில வாரங்களே தாங்குகின்றன என்பதால், இந்த ஒரு பாகத்தில் நான் விலை பார்ப்பதில்லை.

இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஒயர் எந்த வழியாகப் போகிறது, எந்தக் கிளிப்பில் நிற்கிறது என்று படம் எடுங்கள். கப்ளரின் பூட்டை அழுத்தி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். போல்ட்டைக் கழற்றியதும் சென்சாரை இடமும் வலமுமாகச் சிறிது திருப்பித் திருப்பி வெளியே எடுங்கள். துருவில் இறுகியிருந்தால் துருநீக்கி ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தலை ஒடிந்து, உடல் துளைக்குள்ளேயே தங்கிவிடும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மேற்கொண்டு முயலாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய சென்சாரின் நுனியில் இரும்புத் தூள் சற்று ஒட்டியிருப்பது இயல்பு. செதில்களாக இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். துளையைத் துணியால் துடைத்து, புதிய சென்சாரின் ஓ-ரிங்கில் இன்ஜின் ஆயிலைத் தடவி, கையால் அழுத்தி முழுவதும் உட்கார வையுங்கள். முழுவதும் உட்காராத சென்சாரைப் போல்ட்டை முறுக்கி உள்ளே இழுக்கக் கூடாது. போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது சிறிய ஸ்பேனரில் மணிக்கட்டு முறுக்கு. ஒயரைப் பழைய வழியிலேயே, பழைய கிளிப்களில், எக்சாஸ்டைத் தொடாமல் நிறுத்துங்கள்.

கூலன்ட் சென்சார் என்றால் புதியதைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றி உடனே மாட்டுங்கள். கூலன்ட் சிறிதளவே கொட்டும். வாஷரைப் புதிதாகப் போட்டு, கூலன்டை நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுங்கள். ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஒயர் நுழையும் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட் தேவை. மறை இறுகியிருந்து, அளவுக்கு மீறிய பலத்தோடு முறுக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். எக்சாஸ்டின் மறை போனால் சென்சாரைவிடச் செலவு கூடும்.

பேட்டரியை மாட்டி, எண்களை அழித்து, ஸ்டார்ட் செய்யுங்கள். சில கார்களில் புதிய கிராங்க் சென்சாரை ஸ்கேனரால் பழக்க வேண்டும் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிறகு பழுது எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சூட்டில் நின்ற வண்டியைத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நான் ஒப்படைப்பதில்லை. நண்பகலில் பர்லியாரைத் தாண்டி ஏற்றி, பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்தி, அணைத்து உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன். அப்போதும் நின்றால், செல்ஃபில் ஆர்பிஎம் காட்டுகிறதா என்று மறுபடியும் பார்த்து, 1-அ அல்லது 1-ஆ வழியில் தொடங்குங்கள்.